இடுப்பாணி

வண்டியின் இடுப்புக்குள்ளிருந்து பாஸ்கல் முதுகால் ஊர்ந்து வெளியே வந்து, ஒடிந்த ஆணியின் ஒரு துண்டை என் கையில் வைத்தான். அம்மிக் குழவி பருமன் இருக்கும் உருக்கு. நான் அதைப் பார்க்கவில்லை, கிழக்கே பார்த்தேன். கடல் பக்கம் மேகம் கறுத்து நின்றது. மழை பொய்த்த வருஷங்களில் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டவன்தான் நான். அன்றைக்கு மட்டும், இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளேன் என்று அதனிடம் மனதுக்குள் கெஞ்சினேன். புரட்டாசி முடியப்போகிறது. முக்கால்வாசிக் காடு உழுதாகிவிட்டது. மிச்சக் கால்வாசியில்தான் வண்டி படுத்துவிட்டது.

"கீழ் ஆணி அண்ணாச்சி," என்றான் பாஸ்கல். "மேல் ஆணின்னா கூடப் பரவாயில்ல. இது கீழ."

இந்த வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் அந்த 'கீழ' விளங்கும். மற்ற டிராக்டர்கள் முன் சக்கரத்தைத் திருப்பி வளையும். இது அந்த ஜாதியில்லை. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. நடுவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆணிகளால் கோத்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியே இடுப்பை வளைத்துத் திரும்பும். எட்டு டயர், எட்டும் இழுக்கும். எங்கோ வெளிநாட்டில் கோதுமைக்காடு உழுதுகொண்டிருந்ததை, துறைமுகத்துப் பக்கம் மண் இழுக்கிற வேலைக்கென்று ஒரு காண்டிராக்டர் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். வேலை முடிந்ததும் வேலியோரம் விட்டுவிட்டுப் போய்விட்டார். சீமைக்கருவேலம் முளைத்து அதன் கூரைக்கு மேல் வளர்ந்திருந்தபோது நான் வாங்கினேன். மில்லர்புரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிற இந்தப் பெருமாள் எடைக்கு வாங்கி உடைத்துவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உடைக்கக் கூட்டிக்கொண்டு வந்த பாஸ்கல், உடைப்பதற்கு முன்னால் எஞ்சினைத் திறந்து பார்க்கிறேன் என்றான். நாலு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அது புகையைக் கக்கி உறுமியது. அத்தோடு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே எங்கள் கரிசல் காடு கருவேலம் மண்டிக் கிடந்தது. இந்த வண்டி அதை வேரோடு பிடுங்கிப் போட்டது. ஆனால் சின்னச் சின்னக் காட்டில் இதற்குத் திரும்ப இடம் காணாது. பங்காளிகள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்று, வரப்புகளை எடுக்கவைத்து, எல்லாக் காட்டையும் ஒரே காடாக்கினேன். 'வரப்பு எடுத்தா வம்பு வரும்ல' என்றார்கள். வந்தது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் வண்டிக்கு இடுப்பொடிஞ்சான் என்று பேர் வைத்தார்கள். இப்போது நிஜமாகவே ஒடிந்துவிட்டது.

இதற்குச் சாமான் கேட்டு எந்தக் கடைக்கும் போக முடியாது. ஃபில்டர் விசைப்படகு எஞ்சினுடையது. ஆயில் சீல், கப்பல் ஜெனரேட்டருக்கு என்று வந்து மிஞ்சியது. ஸ்டீயரிங் ஹோஸை கிரேனிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறோம். தினமும் காலையில் இடுப்பில் கிரீஸ் அடிக்காமல் நகர்த்தக் கூடாது. வண்டி ஓடுகிற நாளில் எது எப்போது போகுமோ என்று இருக்கும். நிற்கிற நாளில் ஏன் நிற்கிறது என்று இருக்கும். என் மனைவி முத்துக்கனி ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்: "அது நிக்கிற அன்னைக்கு நீங்க ஓடுதிய. அது ஓடுற அன்னைக்கும் நீங்கதான் ஓடுதிய. எப்பதான் உக்காருவிய?" பதில் சொல்ல நேரமில்லை. போன் வந்துவிட்டது.

புது ஆணி கடைவது பெரிய காரியமில்லை. துறைமுகச் சாலையில் கப்பல் வேலை செய்கிற லேத் பட்டறையில் அன்றைக்குச் சாயங்காலமே கடைந்து கொடுத்துவிட்டார்கள். அதை மாட்டுவதுதான் காரியம். முன்பாதியின் ஓட்டையும் பின்பாதியின் ஓட்டையும் நேர்க்கு நேர் வந்தால்தான் ஆணி இறங்கும். அதற்கு எஞ்சின் ஓட வேண்டும், ஒருத்தர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும், இன்னொருத்தர் இரண்டு பாதிகளுக்கும் நடுவே படுத்துக்கொண்டு ஆணியைத் தாங்க வேண்டும். மேல் ஆணியை வெளியே நின்றே மாட்டலாம், கீழ் ஆணிக்குத்தான் இப்படி உள்ளே போக வேண்டும். மேலே இருக்கிறவர் கை ஒரு சாண் கூடத் திரும்பினால் போதும். இரண்டு பாதிகளும் நடுவில் இருப்பவரைப் பாக்குவெட்டியில் வைத்த மாதிரி ஆக்கிவிடும்.

நடுவில் படுப்பவன் பாஸ்கல். அவன் சங்கு குளித்தவன், இடது காதில் சவ்வு கிழிந்து கடலைவிட்டு வந்தவன். எஞ்சின் ஓடும்போது அவனிடம் கத்திப் பிரயோஜனமில்லை, அவன் கத்துவதும் மேலே கேட்காது. அதனால் கடலில் செய்ததையே இங்கேயும் செய்தான். மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போவான். மறுமுனை, கண்ணாடி இல்லாத பின்ஜன்னல் வழியாக மேலே இருப்பவர் கைக்குப் போகும். ஒரு இழுப்பு இடது, இரண்டு இழுப்பு வலது, நீண்ட இழுப்பு என்றால் எஞ்சினை அணை. அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. கடலுக்குள் இருக்கிறவன் கயிறு படகில் அவன் மச்சான் கையில்தான் இருக்கும், பெண்டாட்டியின் அண்ணன் கையில், அல்லது தம்பி கையில். தன் தங்கச்சி தாலியறுக்க எவன் சம்மதிப்பான், அதுதான் கணக்கு. கடலிலும் சரி, இந்தக் காட்டிலும் சரி, பாஸ்கலின் கயிற்றைப் பிடித்தவன் அவன் பெண்டாட்டி பிலோமினாவின் அண்ணன் ஃபிராங்க்ளின்தான். வண்டிக்கு இடுப்பு வேலை என்றால் போட்டை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவான்.

மே மாதத்தில் அது அறுந்துபோனது. பாஸ்கலின் மகள் ஜெப்ஸிக்குப் புதுநன்மை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது, கல்யாணத்துக்கு அடுத்தபடியாகச் செய்வார்கள். ஃபிராங்க்ளின்தான் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அன்றைக்குக் காலையில் பாஸ்கல் வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காட்டுக்கு வந்தான். கிளட்ச் பிளேட் முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. "போடே, பூசைக்கு நேரமாச்சு" என்று நானே விரட்டினேன். "அரை மணி நேரம் அண்ணாச்சி, மாட்டிட்டு நேரா கோயிலுக்குப் போயிருதேன்" என்றான். அவன் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இரண்டாம் வரிசை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் ஊரே பார்க்க ஃபிராங்க்ளின் சொன்னான்: "இனிமே உன் கயித்த நான் புடிக்க மாட்டேம்ல." அந்தத் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிலோமினா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான். பாஸ்கல் பாதி நாள் காட்டிலேயே வண்டியில் தூங்கினான். இரண்டு தடவை கூப்பிடப் போனான். இரண்டு தடவையும், போனபோதே வண்டிக்கு ஏதோ வாங்குகிற வேலையும் சேர்த்துப் போனான். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் உக்காருதேன்டே மேல," என்றேன் அவனிடம், புது ஆணி கைக்கு வந்ததும்.

பாஸ்கல் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். நான் வரப்பு இருந்த மேட்டில் உட்கார்ந்திருந்தேன். வலது முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியும் நிற்கவில்லை.

"உங்களுக்கே தெரியுதுல்லா," என்றான்.

நாசரேத்திலிருந்து நேசக்குமாரை வரவழைத்தேன். ஜேசிபி ஓட்டுகிறவன், பக்கெட் பல்லால் தீப்பெட்டியை நசுங்காமல் தூக்குவான் என்று பேர். பாஸ்கல் அவனோடு பீடி குடித்தான், பேசினான், ஆள் நல்ல ஓட்டுக்காரன் என்று என்னிடம் ஒத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "ஆனா நான் செத்தா அவனுக்கு என்ன அண்ணாச்சி போச்சு?" நேசக்குமார் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் விட்டால் போதும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காற்று ஈரமாகிவிட்டது. கரிசலில் நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், மண் களியாகிவிடும், இந்தக் கனத்தில் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். அப்புறம் தை மாதம் வரை அது அங்கேயே நிற்கும், உழாத காடும் விதைக்காமல் கிடக்கும், அது யாருடைய பங்கு என்று பங்காளிகள் கயிற்றோடு வந்து வரப்பை அளப்பார்கள். நேராகத் தூத்துக்குடிக்குப் பைக்கை விரட்டினேன்.

கடற்கரையில் ஃபிராங்க்ளின் தன் ஃபைபர் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். "வாருங்க அண்ணாச்சி" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனான், நாற்காலி போட்டான், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நான் மழை, ஆணி, காடு எல்லாவற்றையும் சொன்னேன். கை துடைத்துக்கொண்டே கேட்டான்.

"உங்க காடு உழணும்னு இம்புட்டு தூரம் வந்திருக்கிய," என்றான். "எந்தங்கச்சி வாழணும்னு இந்த அஞ்சு மாசத்துல ஒருத்தரும் வரல."

கையில் டீ இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். நான் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலும் ஜன்னல் வழியாக மேகம் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தேன்.

டீ டம்ளரை எடுக்க வந்த பிலோமினா, "ஒடிஞ்சது எது, மேலயா கீழயா?" என்று கேட்டாள்.

"கீழம்மா."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்தபோது கிழக்கே பாதி வானம் கறுப்பு. நான் போனபோது பாஸ்கல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஒடிந்த வண்டியைக் கண்முன் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்கும் முடியாது. அது ஒரு வியாதி, என்னிடமிருந்து ஒட்டியதோ அவனிடமிருந்து எனக்கு ஒட்டியதோ தெரியவில்லை. "சரி, ஏறுங்க அண்ணாச்சி," என்றான். "கால ரெண்டயும் மடக்கி சீட்டு மேல வச்சுக்கிடுங்க. கீழ போடாதீய."

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இடது கையில் கயிறு, வலது கையில் ஸ்டீயரிங். அவன் கயிற்றை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனான். எஞ்சின் ஓடியது. ஒரு இழுப்பு வந்தது, நகம் அளவு இடது பக்கம் திருப்பினேன். வண்டி முக்கியது. மறுபடி ஒரு இழுப்பு. கால் ஆடவில்லை. ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. கயிறு சும்மா இருக்கும்போதும் சும்மா இல்லை. உள்ளே அவன் கை நகர்வது, மூச்சு வாங்குவது, ஆணியைத் தோளில் தாங்குவது எல்லாம் கயிற்றின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு வருஷமாக அவனை அந்த இடுப்புக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன். எஞ்சினை அணைத்துவிட்டேன்.

"ஒரு நூல்தான் இருந்துச்சு அண்ணாச்சி," என்று உள்ளேயிருந்து கத்தினான். "என்ன ஆச்சு?"

"என்னால ஆகாதுடே," என்று இறங்கிவிட்டேன். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே வந்து கை துடைத்தான்.

அப்போதுதான் ரோட்டிலிருந்து பிலோமினா வருவதைப் பார்த்தோம். மினிபஸ்ஸில் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உழவுக் கட்டிகளின் மேல் காலை வைத்து வைத்து வந்தாள். பாஸ்கல் துணியைக் கீழே போட்டான், திரும்ப எடுத்தான். கிட்டே வந்ததும் அவள் அவனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தாள்.

"அண்ணன் வரல," என்றாள். "நான் புடிக்கேன்."

"உனக்கு ஸ்டீயரிங் தெரியாதே," என்றான் பாஸ்கல்.

"எங்கண்ணனுக்கு டிராக்டரு தெரியுமா? அவன் போட்டுக்காரன். எத்தன இழுப்புக்கு எந்தப் பக்கம், அத மட்டும் சொல்லுங்க."

சொன்னான். மெதுவாக, இரண்டு தடவை சொன்னான். அணைக்கிற சாவியையும் காட்டினான். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி உட்கார்ந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. மச்சான் கணக்கு எனக்குப் புரியும். இந்தக் கணக்கு புரியவில்லை. தாலி இவளுடையது, கோபமும் இவளுடையது. அஞ்சு மாதமாக வாயைத் திறக்காத பொம்பிளை கையில் ஒரு சாண் ஸ்டீயரிங். வேண்டாம், மழை வந்தால் வரட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்ததோடு சரி.

பாஸ்கலும் நின்றுகொண்டே இருந்தான்.

"பயமா இருந்தா விட்டுருங்க," என்றாள் மேலேயிருந்து. கேலி இல்லை அதில். "நான் அடுத்த பஸ்சுக்குப் போயிருதேன்."

அவன் கயிற்றை மணிக்கட்டில் கட்டினான். ஃபிராங்க்ளின் உட்கார்ந்திருந்தாலும் ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். அன்றைக்குச் சரிபார்க்கவில்லை. கட்டினான், போய்விட்டான்.

எஞ்சின் ஓடியது. நான் டயருக்குப் பக்கத்தில் நின்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இழுப்பு. அவள் கை நகர்ந்ததே தெரியவில்லை, ஆனால் இடுப்பு அசைந்தது. இரண்டு இழுப்பு. திரும்ப ஒன்று. அவள் முன்னால் பார்க்கவில்லை, உடம்பைத் திருப்பி, பின்ஜன்னல் வழியாக அவன் இருந்த இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதா, வேர்வையா, எனக்குத் தெரியாது. இரும்பு இரும்புக்குள் இறங்குகிற ஒரு கனத்த சத்தம் கேட்டது. நீண்ட இழுப்பு வந்தது. உடனே அணைத்தாள்.

காடு அமைதியாகிவிட்டது. ஆணி இறங்கிவிட்டது! நான் அந்த இடத்திலேயே சிரித்தேன். இனி அடியில் மூடியை வைத்து நாலு போல்ட் முறுக்க வேண்டும், அவ்வளவுதான். மூடி இல்லாமல் நகர்த்தினால் ஆணி வழுக்கி விழுந்துவிடும். பாஸ்கல் உள்ளே ஸ்பேனரை மாட்டும் சத்தம் கேட்டது. ஒன்று முறுக்கினான். இரண்டாவது முறுக்கினான். முதல் மழைத்துளிகள் எஞ்சின் மூடியில் விழுந்து சுர்ரென்று ஆவியாயின. பெரிய பெரிய துளிகள்.

அப்போது கயிறு மேலேயிருந்து இழுபட்டது.

கயிறு மேலேயிருந்து இழுபட்டு நான் பார்த்ததே இல்லை. ஃபிராங்க்ளின் இழுத்ததில்லை, இங்கே அதற்குத் தேவை இருந்ததில்லை. ஆனால் பாஸ்கல் எப்போதோ சொல்லியிருக்கிறான். கடலில் கீழே இருக்கிறவன் மேலே சொல்ல எத்தனையோ சைகை உண்டு. மேலே இருக்கிறவன் கீழே சொல்ல ஒன்றுதான். ஏறி வா.

"ரெண்டு போல்ட்டுதான் பிலோ," என்று குரல் வந்தது. "அஞ்சு நிமிசம். இந்தா வந்துட்டேன்."

அவள் கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றினாள். மறுபடி இழுத்தாள். உள்ளே ஸ்பேனர் நிற்கவில்லை.

அஞ்சு நிமிஷம். மழை வலுக்க அதற்கு மேல் ஆகும். அஞ்சு நிமிஷத்தில் முறுக்கிவிட்டால் வண்டியை ரோட்டு மேட்டுக்கு ஏற்றிவிடலாம். எனக்கு அந்த இரண்டு போல்ட்டும் வேண்டும். வேறு எதையும் அந்த நேரத்தில் அவ்வளவு ஆசைப்படவில்லை. வாயைத் திறந்தால் 'முறுக்கிட்டே வாடே' என்றுதான் வரும் என்று தெரிந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிலோமினா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது தடவை அவள் வெட்டி இழுக்கவில்லை. மெல்லத் தன் பக்கமாக வாங்கி, இழுத்த இழுப்பிலேயே வைத்துக்கொண்டாள். ஜன்னலிலிருந்து இடுப்பு வரை கயிறு விறைத்து நேராக நின்றது. உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு 'டக்' என்று ஒன்று கேட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்த சத்தமா, அடுத்த போல்ட்டில் மாட்டிய சத்தமா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. காலடியில் மண் கறுத்து இளக ஆரம்பித்தது. அவள் கயிற்றைத் தளர்த்தவில்லை. மழைத்தண்ணீர் அதன் மேல் வரிசை பிடித்து, அவன் மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.